அமெரிக்காவின் அலைட் ஹெல்த் கல்லூரிகள்: ஆசிரியர், படிப்பு, கட்டணம்

அமெரிக்காவில் ஒரு கிளினிக்குக்குப் போனால், டாக்டர் அறைக்குள் வருவதற்குள் இரண்டு மூன்று பேர் நம்மைப் பார்த்துவிடுவார்கள். எடையும் ரத்த அழுத்தமும் குறித்துக்கொண்டு போகிறவர் மெடிக்கல் அசிஸ்டன்ட். கையில் பட்டையைக் கட்டி ரத்தம் எடுப்பவர் ஃப்ளபாட்டமிஸ்ட். எக்ஸ்ரே அறையில் மூச்சைப் பிடிக்கச் சொல்பவர் ரேடியோகிராஃபர். பல் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிற உதவியாளர், ஆபரேஷன் தியேட்டரில் கருவிகளை எடுத்துத் தருகிற சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட், மருந்துக்கடை டெக்னீஷியன், ஸ்கேன் எடுக்கிற சோனோகிராஃபர் என்று இன்னும் பலர் உண்டு. டாக்டரும் நர்ஸும் அல்லாத இந்த மருத்துவப் பணிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அலைட் ஹெல்த் என்று பெயர்.

இவற்றுக்கு ஆள் தயார் செய்யும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, அரசுப் பணத்தில் நடக்கும் கம்யூனிட்டி காலேஜ். மற்றொன்று, தனியார் நடத்தும் கேரியர் கல்லூரி. இந்த இரண்டாவது வகையில் பெரும்பாலானவை லாபத்துக்காக நடப்பவை. சில வாரங்களுக்கு ஒருமுறை அட்மிஷன், மாலை வகுப்பு, ஒன்பது பத்து மாதத்தில் கையில் சான்றிதழ் என்பதுதான் அவற்றின் அழைப்பு. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கும், குழந்தைகளை வைத்துக்கொண்டு நீண்ட படிப்புக்குப் போக முடியாதவர்களுக்கும் அது உண்மையிலேயே பெரிய வசதி. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் சேருவதற்கு முன் படிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் கேட்டலாக் என்ற விவரக் கையேட்டை வெளியிட்டாக வேண்டும். அதில் ஆசிரியர் பட்டியல், படிப்புகளின் விவரம், கட்டணம் மூன்றும் இருக்கும். பெரும்பாலானோர் கட்டணப் பக்கத்தை மட்டும் பார்த்து, கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுகிறார்கள். என் பார்வையில் கட்டண எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. அந்தப் படிப்பு எந்தத் தேர்வுக்கு வழிவிடுகிறது, அதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் அது அதிகமா குறைவா என்று சொல்ல முடியும்.

இந்தக் கல்லூரிகள் இவ்வளவு பெருகியதற்குப் பின்னால் அரசின் கை இருக்கிறது. 1965-இல் சட்டமான மெடிகேர், முதியோருக்கான மருத்துவக் காப்பீடு, 1966 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. மருத்துவமனைகளுக்கு ஆள் தேவை கூடியது. அதே 1966-இல் அலைட் ஹெல்த் பயிற்சிக்கென்றே தனிச் சட்டம் போட்டு மத்திய அரசு பணம் ஒதுக்கியது. அப்புறம் 1972-இல் உயர்கல்விச் சட்டத்தில் செய்த திருத்தம்தான் முக்கியமான திருப்பம். மாணவர்களுக்கான மத்திய அரசு உதவி, லாப நோக்கில் நடக்கும் தொழிற்பள்ளிகளில் படிப்பவர்களுக்கும் முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. பிற்பாடு பெல் கிரான்ட் என்று பெயர் மாறிய மானியம் அந்தத் திருத்தத்தில் பிறந்ததுதான். இன்றைக்கும் பல கேரியர் கல்லூரிகளின் வருமானத்தில் பெரும்பங்கு மாணவர் வழியாக வரும் அரசுப் பணம். ஒரு வரம்பும் உண்டு: லாப நோக்குக் கல்லூரி தன் வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மத்திய அரசிடமிருந்து பெறக்கூடாது, குறைந்தது 10 சதவீதம் வெளியிலிருந்து வர வேண்டும். முன்னாள் ராணுவத்தினரின் கல்வி உதவித்தொகை வெகுகாலம் அந்த 10 சதவீதப் பக்கத்தில் எண்ணப்பட்டது. அதனால் ராணுவத்தினரை வலைவீசிப் பிடிக்கும் வழக்கம் வளர்ந்தது. 2021-இல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தார்கள். 2023 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

படிப்பு: கல்லூரிக்கு ஒரு அங்கீகாரம், பாடத்துக்கு வேறொன்று

அட்மிஷன் அலுவலகத்தில் 'நாங்கள் அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்பார்கள். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. அமெரிக்காவில் அங்கீகாரம் இரண்டு அடுக்கு. கல்லூரி முழுமைக்கும் ஒன்று. அது இருந்தால்தான் அரசு மானியமும் கடனும் கிடைக்கும். தனித்தனிப் படிப்புக்கு இன்னொன்று. சில தொழில்களில் அது இருந்தால்தான் தேர்வே எழுத முடியும்.

சர்ஜிக்கல் டெக்னாலஜி இதற்கு நல்ல உதாரணம். அந்தத் துறையின் முதன்மையான தேசியச் சான்றிதழ் சிஎஸ்டி. அதற்கான தேர்வை எழுத, சிஏஏஹெச்இபி அல்லது ஏபிஹெச்இஎஸ் என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற சர்ஜிக்கல் டெக்னாலஜி படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. இதில் ஏபிஹெச்இஎஸ் கல்லூரிக்கும் அங்கீகாரம் தருகிறது, சில படிப்புகளுக்குத் தனியாகவும் தருகிறது. அதனால் ஒரு கல்லூரி ஏபிஹெச்இஎஸ் முத்திரையைச் சுவரில் மாட்டியிருக்கலாம். அங்கே நடக்கும் சர்ஜிக்கல் டெக்னாலஜி படிப்புக்கு அந்தத் தனி அங்கீகாரம் இல்லாமலும் இருக்கலாம். கல்லூரி சொல்வதில் பொய் ஏதும் இருக்காது. ஆனால் மாணவர் படிப்பை முடித்துவிட்டுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். கேட்டலாக்கில் படிப்பின் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலிலும் அந்தக் கேம்பஸின் பெயரோடு சரிபார்க்க வேண்டும். ஒரே கல்லூரியின் வேறொரு ஊர்க் கிளைக்கு இருப்பது இந்தக் கிளைக்குச் செல்லாது.

எக்ஸ்ரே துறையில் இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது. சான்றிதழ் தரும் ஏஆர்ஆர்டி, 2015 முதல் குறைந்தது அசோசியேட் என்ற இரண்டு வருடப் பட்டமாவது வேண்டும் என்று வைத்துவிட்டது. ஆக, 'ஒரு வருடத்தில் ரேடியாலஜி டெக்னாலஜிஸ்ட்' என்று யாராவது விளம்பரம் செய்தால், அது எந்தத் தகுதியைச் சொல்கிறது என்று உட்கார்ந்து கேட்க வேண்டும். சில மாநிலங்களில் ஒருசில உறுப்புகளை மட்டும் படமெடுக்க வரையறுக்கப்பட்ட உரிமம் உண்டு. அது முழு ரேடியோகிராஃபர் தகுதிக்கு ஈடாகாது.

மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலைக்குப் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் கட்டாயமில்லை. சிஎம்ஏ, ஆர்எம்ஏ, சிசிஎம்ஏ என்று போட்டியிடும் சான்றிதழ்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நுழைவு விதி வேறு. வேலைக்கு எடுக்கும் கிளினிக்குகள் எதைக் கேட்கின்றன என்று உள்ளூர் வேலை விளம்பரங்களை ஒருமணி நேரம் படித்தாலே தெரிந்துவிடும். ஃப்ளபாட்டமிக்கும் அப்படித்தான். கலிஃபோர்னியா, லூசியானா, நெவாடா, வாஷிங்டன் ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டும் அரசு உரிமமோ சான்றோ கேட்கின்றன. கலிஃபோர்னியாவில் அனுபவமில்லாத புதியவருக்கு 40 மணி நேர வகுப்பு, 40 மணி நேரச் செய்முறை, அந்தச் செய்முறையில் குறைந்தது 50 முறை ரத்தக்குழாயில் குத்தி எடுத்ததும் 10 முறை விரல்நுனியில் எடுத்ததும் கணக்கில் இருக்க வேண்டும். அடுத்த மாநிலத்தில் வாங்கிய சான்றிதழோடு அங்கே குடிபோகிறவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

ஆசிரியர் பட்டியல் என்ன சொல்லும்

மூன்று பகுதிகளில் யாரும் படிக்காதது இதுதான். பெயர், பட்டம், சான்றிதழ்கள், எந்தப் படிப்பு என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் நிறைய இருக்கிறது.

கேரியர் கல்லூரியில் ஆசிரியருக்கு முனைவர் பட்டம் வேண்டும் என்பதில்லை, அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். அங்கீகார அமைப்புகள் கேட்பது அந்தத் தொழிலில் வேலை பார்த்த அனுபவமும், அந்தத் தொழிலின் சான்றிதழும். எக்ஸ்ரே படிப்பில் விதி கூடுதல் கண்டிப்பு: அந்தத் துறைக்கு அங்கீகாரம் தரும் ஜேஆர்சிஇஆர்டி, படிப்பின் இயக்குநருக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்கிறது. மருத்துவமனைப் பயிற்சியில் ஒரு மாணவருக்கு ஒரு டெக்னாலஜிஸ்ட் என்ற விகிதமும் உண்டு. மாணவர் ஒரு பரிசோதனையில் தேறிவிட்டால் டெக்னாலஜிஸ்ட் சற்றுத் தள்ளி நின்று மேற்பார்க்கலாம். ஆனால் படம் சரியாக வராமல் மறுபடி எடுக்க நேர்ந்தால், எவ்வளவு தேறிய மாணவராக இருந்தாலும் டெக்னாலஜிஸ்ட் கூடவே இருந்தாக வேண்டும். மறுபடம் என்றால் நோயாளிக்கு இரண்டாவது முறை கதிர்வீச்சு. அதைத் தவறுசெய்த கையிடமே தனியாக விடக்கூடாது என்பதுதான் காரணம்.

ஆசிரியரின் தொழில் அனுபவம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ரத்தம் எடுக்கும் மேசையே போதும். ஒரே குத்தலில் பல குழாய்கள் நிரப்பும்போது அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் முதலில், அப்புறம் வெளிர்நீல மூடி, பிறகு சிவப்போ தங்க நிறமோ, பச்சை, அதன்பின் லாவெண்டர், கடைசியில் சாம்பல். இதை எந்த மாணவரும் ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடுவார். வரிசை மாறினால் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். லாவெண்டர் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்த்திருக்கும் இடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியது. அதில் ஒரு துளி அடுத்த குழாய்க்குப் போனாலே பொட்டாசியம் கூடியதுபோலவும் கால்சியம் குறைந்ததுபோலவும் லேப் முடிவு வரலாம். நோயாளிக்கு ஒன்றுமே இருக்காது, ஆனால் அவசரப் பிரிவுக்கு வரச்சொல்லி ராத்திரியில் போன் வரும். குழாயை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்காமல் வேகமாகக் குலுக்கினாலும் சிவப்பணுக்கள் உடைந்து அதே பொட்டாசியம் பொய்யாகக் கூடும். லேப்பில் வருடக்கணக்கில் நின்ற ஆசிரியர் அந்தத் தப்பான முடிவுகளைக் கண்ணால் பார்த்திருப்பார். பாடப்புத்தகத்தை மட்டும் வைத்திருப்பவர் வரிசையை ஒப்பிக்கச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்.

பட்டியலில் பார்க்க வேண்டிய இன்னொன்று, யார் முழுநேரம், யார் பகுதிநேரம் என்பது. பகுதிநேர ஆசிரியர் என்றாலே குறை என்று நான் நினைக்கவில்லை. காலையில் மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்பெடுப்பவர் புதுப் பழக்கங்களோடு வருவார். ஆனால் ஒரு படிப்பில் முழுநேரம் ஒருவர்கூட இல்லையென்றால், மாணவருக்குச் சந்தேகம் வரும்போது போய்க் கேட்க ஆள் இருக்காது. எக்ஸ்டர்ன்ஷிப் என்ற நேரடிப் பணிப் பயிற்சிக்கு நல்ல கிளினிக் தேடித் தருவதும் அங்கே தொடர்புள்ள ஆசிரியரால்தான் நடக்கும். போன வருடக் கேட்டலாக்கையும் கேட்டு வாங்கி இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பெயர்கள் மாறியிருந்தால் ஏன் என்று கேட்க உரிமை இருக்கிறது.

சில வாரங்களுக்கு ஒருமுறை அட்மிஷன் என்ற வசதியும் ஆசிரியரின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. பாடங்களைத் தனித்தனி மாட்யூலாகப் பிரித்து, சுழற்சியில் நடத்துவார்கள். யார் எப்போது சேர்ந்தாலும் அப்போது ஓடும் மாட்யூலில் நுழைவார்கள். இதனால் ஒரே வகுப்பில் நேற்று வந்தவரும் அடுத்த மாதம் எக்ஸ்டர்ன்ஷிப் போகிறவரும் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாடத்தின் மேல் அடுத்த பாடத்தைக் கட்ட முடியாது. நல்ல ஆசிரியர் இதைச் சமாளிப்பார், புதியவரைப் பழையவரோடு ஜோடி சேர்ப்பார். இருபத்தைந்து பேருக்கு ஒருவர் என்றால் அவராலும் முடியாது. செய்முறை வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கே போகிறது என்பதற்குப் பழைய, ஆனால் உறுதியான ஓர் ஆதாரம் உண்டு. அமெரிக்க செனட்டின் கல்விக் குழு 30 லாப நோக்கு நிறுவனங்களை ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. 2009 கணக்குப்படி அவை தங்கள் வருமானத்தில் 22.7 சதவீதத்தை விளம்பரத்துக்கும் மாணவர் சேர்ப்புக்கும் செலவிட்டன. லாபம் 19.4 சதவீதம். பாடம் நடத்த 17.2 சதவீதம். இது எல்லா வகைப் படிப்புகளையும் சேர்த்த கணக்கு, பெரிய நிறுவனங்களின் கணக்கு. சிறிய உள்ளூர் கல்லூரி ஒன்று வேறு மாதிரி இருக்கலாம். ஆனாலும் ஆசிரியர் பட்டியலையும் கட்டணத்தையும் ஏன் சேர்த்தே படிக்கச் சொல்கிறேன் என்பது இந்த மூன்று எண்களில் தெரியும்.

கட்டணப் பக்கம்

கேரியர் கல்லூரிகளில் ஒன்பது மாத மெடிக்கல் அசிஸ்டன்ட் படிப்பு பல இடங்களில் 15,000 டாலரைத் தாண்டும். ஒரு கணக்குக்காக 720 மணி நேரப் படிப்புக்கு 16,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 22 டாலர் சொச்சம். அந்த 720-இல் 160 மணி எக்ஸ்டர்ன்ஷிப் என்றால், அந்த நான்கு வாரமும் மாணவர் ஒரு கிளினிக்கில், பெரும்பாலும் சம்பளமில்லாமல், வேலை கற்றுக்கொண்டிருப்பார். அதற்கும் அதே விலைதான். 160 மணி நேரம் என்பது அங்கீகார அமைப்புகள் கேட்கும் குறைந்தபட்ச அளவு, எனவே அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எந்த கிளினிக், எவ்வளவு தூரம், இடம் கிடைக்காவிட்டால் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

படிப்பு மணியை, பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட்டாக மாற்றிக் காட்டும்போது குழப்பம் வரும். மத்திய அரசின் உதவித்தொகைக் கணக்கில் இப்போது ஒரு செமஸ்டர் கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், ஒரு குவார்ட்டர் கிரெடிட்டுக்கு 20 மணி நேரம். இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது கிரெடிட் எண்ணிக்கையை விட்டுவிட்டு மொத்த மணியையும் மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்வதுதான் சரி. மொத்தத் தொகையில் பதிவுக் கட்டணம், புத்தகம், சீருடை, காவல்துறைப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை, சிபிஆர் என்ற உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிக்கான அட்டை, சான்றிதழ் தேர்வுக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு கல்லூரி அடக்கம் என்று சொல்வதை இன்னொன்று தனியாக வாங்கும்.

கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர் மாணவருக்கான சராசரிக் கட்டணம் 2024-25-இல் வருடத்துக்கு ஏறக்குறைய 4,050 டாலர். வித்தியாசம் பெரியது. அங்கே சிக்கல் இடம் கிடைப்பதுதான்: எக்ஸ்ரே, சோனோகிராஃபி போன்ற படிப்புகளுக்கு உடற்கூறியல், கணிதம் என்று முன்பாடங்களை முடித்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கும். ஒரு வருடம் காத்திருப்பதில் இழக்கும் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்தால் சிலருக்குக் கேரியர் கல்லூரி நியாயமாகவே படலாம். மெடிக்கல் அசிஸ்டன்ட் போன்ற குறுகிய படிப்புக்கு அந்த வாதம் அவ்வளவு நிற்காது என்பது என் கருத்து. மெடிக்கல் அசிஸ்டன்ட்டின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 2023 மே மாத அரசுக் கணக்கில் 42,000 டாலர். அதில் பாதிப் பேர் அதற்கும் கீழே என்பதை மறக்கக்கூடாது. புதிதாகச் சேர்கிறவர் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பாதியில்தான் தொடங்குவார்.

வருமானம் குறைந்த குடும்பத்துக்குப் பெல் கிரான்ட் வருடத்துக்கு அதிகபட்சம் 7,395 டாலர் வரை கிடைக்கும், அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். மீதி கடன். 10,000 டாலர் கடனை 6.5 சதவீத வட்டியில் பத்து வருடம் கட்டினால் மாதம் 114 டாலர் ஆகும். மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட விதி ஒன்று நல்ல அளவுகோல் தருகிறது: படிப்பு முடித்தவரின் வருடக் கடன் தவணை அவர் வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது அடிப்படைச் செலவுக்கு மேல் மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வருமானம் 30,000 என்றால் மாதத்துக்கு 200 டாலர்தான் எல்லை. அரசு இந்த விதியை எப்படி நடைமுறைப்படுத்தினாலும், குடும்பக் கணக்குக்கு இந்த எல்லை பயன்படும்.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் முடிச்சு. ஹெச்-1பி வேலை விசாக்காரரின் கணவரோ மனைவியோ ஹெச்-4 விசாவில் இருந்தால் படிக்கலாம், ஆனால் மத்திய அரசின் மானியமும் கடனும் கிடையாது. முழுப் பணமும் கையிலிருந்துதான். வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். அந்த ஹெச்-1பி துணை கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் 2015 முதல் அது கிடைக்கிறது. அட்மிஷன் அலுவலர் 'தவணையில் கட்டலாம்' என்று சொல்வது உதவித்தொகை ஆகாது, கல்லூரிக்கே நீங்கள் படும் கடன். வேலை அனுமதி எப்போது வரும் என்று தெரியாமல் ஒன்பது மாதப் படிப்பில் பணத்தைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கற்ற கை ஒரு வருடம் சும்மா இருந்தால் ஊசி போட்ட பழக்கமும் போய்விடும்.

நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதும் கட்டணப் பக்கத்திலேயே இருக்கும். மத்திய அரசின் உதவித்தொகை விஷயத்தில் விதி தெளிவு: அந்தக் கட்டணப் பருவத்தில் 60 சதவீதம் கடப்பதற்குள் விலகினால், படித்த நாட்களின் அளவுக்குத்தான் பணம் மாணவருக்குச் சேர்ந்ததாகக் கணக்கு. மீதி அரசுக்குத் திரும்பிவிடும். ஆனால் கல்லூரியின் சொந்தத் திருப்பித்தரும் விதி வேறாக இருந்தால், அரசுக்குத் திரும்பிய தொகையை மாணவரிடமே கேட்டுப் பில் வரலாம். இரண்டு விதிகளையும் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டிய இடம் இது.

வேலை கிடைத்தோர் கணக்கு

'எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் பேர் வேலையில்' என்ற எண்ணை எப்படிப் பார்ப்பது? ஏபிஹெச்இஎஸ் ஒவ்வொரு படிப்பிலும் தொடர்ந்து படிப்போர், தேர்வில் தேறுவோர், வேலை பெறுவோர் மூன்றுக்கும் 70 சதவீதத்தை அளவுகோலாக வைத்திருக்கிறது. எக்ஸ்ரே படிப்புக்கு ஐந்தாண்டுச் சராசரியில் தேர்ச்சியும் வேலையும் 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அந்த எண்களைப் பொதுவில் போட்டாக வேண்டும்.

எண்ணை எப்படி எண்ணினார்கள் என்பதுதான் கேள்வி. கொரிந்தியன் காலேஜஸ் என்ற பெரிய நிறுவனம் எவரெஸ்ட் என்ற பெயரில் நாடு முழுக்க மெடிக்கல் அசிஸ்டன்ட் போன்ற படிப்புகளை நடத்தியது. ஹீல்ட் காலேஜும் அதன் கையில் இருந்தது. ஹீல்ட் வேலைவாய்ப்பு எண்களை மிகைப்படுத்தியது என்று 2015 ஏப்ரலில் கல்வித் துறை ஏறக்குறைய 3 கோடி டாலர் அபராதம் விதித்தது. கல்லூரியில் சேர்வதற்கு முன்பே பார்த்துவந்த வேலையையும் 'வேலை கிடைத்தது' என்று எண்ணியிருந்தார்கள் என்பது அந்த விசாரணையில் வெளிவந்தவற்றில் ஒன்று. அதே மாதம் நிறுவனம் மீதியிருந்த கேம்பஸ்களை மூடியது. 2022 ஜூனில் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்தது. ஏழு வருடம் அந்தக் கடனைச் சுமந்தவர்கள் அவர்கள்.

ஆகவே சதவீதத்தைக் கேட்டதும் கூடவே நான்கு விஷயம் கேளுங்கள்: எந்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி, எத்தனை மாதம் நீடித்தது, எத்தனை பேரைக் கணக்கிலிருந்து விலக்கினார்கள். பதில் சொல்லத் தயங்காத கல்லூரிகளும் இருக்கின்றன.

மேற்படிப்புக்குப் போகும் எண்ணம் இருந்தால், இங்கே படித்த கிரெடிட்டை உங்கள் ஊர் கம்யூனிட்டி காலேஜ் ஏற்குமா என்று அந்தக் காலேஜிடமே கேளுங்கள். தேசிய அங்கீகாரம், வட்டார அங்கீகாரம் என்ற பழைய பாகுபாட்டை மத்திய அரசு 2020-இல் நீக்கிவிட்டது. ஆனாலும் ஏற்பதும் மறுப்பதும் வாங்கிக்கொள்ளும் கல்லூரியின் முடிவு. படிப்பு முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்ட் என்ற மதிப்பெண் பதிவின் முத்திரையிட்ட நகல்களையும், பயிற்சி மணிகளுக்கும் குத்தல் எண்ணிக்கைக்கும் ஆசிரியர் கையெழுத்திட்ட தாளையும் கேட்டு வாங்கிவிடுங்கள். கல்லூரி மூடிவிட்டால் டிரான்ஸ்கிரிப்ட் பொதுவாக மாநில அலுவலகத்துக்குப் போகும், தேடினால் கிடைத்துவிடும். கையெழுத்திட்ட அந்தத் தாள் அங்கே இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது, உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.